பிள்ளை திணறும்போது என்ன செய்வது? பெற்றோருக்கான தன்னம்பிக்கை வழிகாட்டி

"உன்னால முடியும்" என்று பிள்ளையிடம் சொல்லாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். அதைச் சொன்ன கையோடு பையின் ஜிப்பை நாமே இழுத்து மூடிவிடுவோம், ஷூ லேஸையும் நாமே கட்டிவிடுவோம், யாராவது பெயர் கேட்டால் பிள்ளை வாய் திறப்பதற்குள் பதிலும் நாமே சொல்லிவிடுவோம். காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது வேறொன்று என்று இருக்கும்போது, பிள்ளை கண்ணில் படுவதைத்தான் நம்பும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழிகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. மற்றவர்கள் தரும் ஊக்கம். அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. இந்த நான்கில் வலுவானது முதலாவதுதான். நாமோ பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஊக்க வார்த்தைகளிலேயே காரியத்தை முடிக்கப் பார்க்கிறோம்.

தானே செய்து முடிக்கும் அனுபவம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமானால், பிள்ளை திணறும் சில நிமிடங்களை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும், ஏனென்றால் அந்த நிமிடங்களில் பதறுவது நம் மனம். அதனால் கீழே உள்ள படிகளில் பாதி, பிள்ளைக்கானது அல்ல, பெற்றோருக்கானது. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பிள்ளை செய்துகொண்டிருந்த ஒன்றில் நீங்கள் குறுக்கே போன ஒவ்வொரு முறையும், அன்று இரவு ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, எந்த இடத்தில் நீங்கள் உள்ளே புகுந்தீர்கள், அப்போது உங்களுக்குள் என்ன ஓடியது.

மூன்றாவதுதான் முக்கியம். எழுதிக்கொண்டே வந்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்கு அது நேர அவசரம். சிலருக்கு நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். சிலருக்குப் பயம். சிறுவயதில் மார்க்குக்காக அடி வாங்கியவர்களுக்கு, பிள்ளையின் ஒரு தப்புக் கணக்கைப் பார்த்ததுமே வயிறு கலங்கும். கணக்கு பிள்ளையுடையது, கலக்கம் பழையது.

காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும். அவசரம்தான் காரணம் என்றால், மனதைத் திருத்துவதைவிடக் கடிகாரத்தைத் திருத்துவது சுலபம். காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பிக்கலாம், அல்லது அந்தப் பயிற்சியை மாலைக்கு மாற்றலாம். பயம்தான் காரணம் என்றால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் அடிபடுமா, அல்லது தப்பாக மட்டும் போகுமா? அடிபடும் என்றால் உடனே தடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தப்பாகப் போகும் என்றால் இருக்கட்டும்.

படி 2: உங்கள் பதற்றத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

குறுக்கே போகக் கை துடிக்கும்போது, மனதுக்குள் அந்த உணர்வின் பெயரைச் சொல்லுங்கள். "எனக்கு எரிச்சல் வருது." "எனக்கு வெட்கமா இருக்கு." இது வெறும் சமாதானம் அல்ல. மாத்யூ லீபர்மனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அபாய உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது தெரிந்தது. ஒரு சொல் போதும். காரணம் தேடி ஆராய்ச்சி பண்ண ஆரம்பித்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

அடுத்து, முன்கூட்டியே ஒரு திட்டம். "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்ற தீர்மானம் இரண்டு நாளில் கரைந்துவிடும். "இது நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று இடம், பொருள் சொல்லித் திட்டமிட்டால் நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் 1990-களில் செய்த ஆய்வுகள் காட்டின. உதாரணத்துக்கு: "அவள் 'எனக்கு வரலை' என்று சொன்னால், நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, 'எந்த இடத்துல நிக்குது?' என்று கேட்பேன்." இதை அப்படியே எழுதி, உங்கள் கண்ணில் மட்டும் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள்.

படி 3: ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்

பத்து வேலைகளை ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். தினமும் வருகிற, தப்பானால் பெரிய நஷ்டம் இல்லாத, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிகிற ஒன்றாக இருக்கட்டும். படுக்கையை மடிப்பது, பள்ளிப் பையை அடுக்குவது, சட்டை பட்டன் போடுவது.

பட்டனையே எடுத்துக்கொள்வோம். நாலு வயதுப் பிள்ளைக்குச் சட்டையில் ஆறு பட்டன். முதல் பட்டனிலிருந்து தானே போடச் சொன்னால், கழுத்துக்குக் கீழே இருக்கும் பட்டன் கண்ணுக்கே தெரியாது. விரல் வழுக்கும், அழுகை வரும், நாம் வந்து முடித்துவைப்போம். பிள்ளையின் நினைவில் நிற்பது: நான் ஆரம்பித்தேன், அம்மா முடித்தார். இதைத் திருப்பிப் போடுங்கள். மேலே உள்ள ஐந்தையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசி ஒன்றைப் பிள்ளைக்கு விடுங்கள். அது குனிந்தாலே கண்ணுக்குத் தெரியும், இரண்டு கையும் எட்டும். துணியின் ஓட்டைக்குள் பட்டனின் பாதி நுழைந்து நிற்கும்போது, பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கைக் கடிக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாதீர்கள். மறுபக்கம் வந்ததும், "போட்டுட்டே!" போதும். நாலைந்து நாள் சிரமமில்லாமல் வந்தால் கடைசி இரண்டை விடுங்கள், அப்புறம் மூன்று. எந்த நாளிலும் வேலையை முடித்தது பிள்ளையாகவே இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளர்கள் கையாளும் முறை இதுதான். லேஸ் கட்டுவதற்கும் இதுவே பொருந்தும், சட்டையை மடிப்பதற்கும் இதுவே.

படி 4: உதவியை ஏணிபோல் அளந்து கொடுங்கள்

பொறுத்துக்கொள்வது என்றால் பிள்ளையைத் தவிக்க விட்டு வேடிக்கை பார்ப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. உதவாமல் விட்டாலும் நம்பிக்கை வளராது, முழுதாக உதவினாலும் வளராது.

டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் மரக் கட்டைகளை இணைத்து ஒரு பிரமிடு கட்டும்போது, உடன் இருப்பவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்தார்கள். அங்கிருந்து வளர்ந்த கருத்தை வீட்டு அளவுக்கு இப்படிச் சுருக்கலாம். உதவியில் ஐந்து படிகள் உண்டு: சும்மா காத்திருப்பது, கேள்வி கேட்பது, சிறு குறிப்பு கொடுப்பது, ஒரு முறை செய்து காட்டுவது, கையைப் பிடித்துச் சேர்ந்து செய்வது. பிள்ளை சிக்கினால் ஒரு படி மேலே போங்கள், ஒன்றுதான். வந்துவிட்டால் உடனே ஒரு படி இறங்குங்கள்.

இறங்க மறப்பதுதான் நம் எல்லோருடைய வழக்கம். ஒரு முறை செய்து காட்டியபின், அடுத்த கணக்கையும் அதற்கடுத்த கணக்கையும் நாமே போட்டுக்கொண்டிருப்போம். வீட்டுப்பாட நேரத்தில் பென்சில் யார் கையில் இருக்கிறது என்று அடிக்கடி பாருங்கள். உங்கள் கையில் இருந்தால் கீழே வையுங்கள்.

படி 5: பாராட்டைச் சிறிதாக, குறிப்பாகச் சொல்லுங்கள்

"நீ புத்திசாலி" என்ற பாராட்டு நல்லதுதானே என்று தோன்றும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிர்த் தொகுப்பைச் செய்து முடித்ததும், சிலரிடம் "நீ புத்திசாலியா இருக்கணும்" என்றும் சிலரிடம் "நீ நன்றாக முயற்சி செய்திருக்கணும்" என்றும் சொல்லப்பட்டது. பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்கள். அதில் எல்லோரும் சறுக்கினார்கள். அதன்பின் மறுபடி எளிய புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சி என்று கேட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று கேட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றும் சுமையும் சேர்ந்தே வரும். அறிவு முயற்சியால் வளரும் என்ற டுவெக்கின் கருத்தை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளில் நடத்திய பயிற்சிகளின் பலன் சிறிதாகவே இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ஒரு வாக்கியத்தை மாற்றினால் பிள்ளையே மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

தயங்கும் பிள்ளை உள்ள வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எடி புரூமல்மனும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் ஓர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்", சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகு" என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. அடுத்து எதை வரையலாம் என்று கேட்டபோது, தன்மதிப்பு குறைவாக இருந்த பிள்ளைகள், மிகைப் பாராட்டு பெற்றால் எளிய படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த உயரத்தை மறுபடியும் தொட முடியாதோ என்ற பயம். இதில் வருத்தம் என்னவென்றால், பெரியவர்கள் அதிகமாக மிகைப் பாராட்டு கொடுப்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

அப்படியானால் என்ன சொல்வது? கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மரத்தோட வேர வரைஞ்சிருக்கே, போன தடவை வரையலை." "மூணாவது தடவை வேற மாதிரி போட்டுப் பார்த்தே, அதுல வந்துடுச்சு." ஒன்றும் தோன்றவில்லையா, கேள்வியாகக் கேளுங்கள்: "இது எப்படிச் செஞ்சே?" விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்குத் தன் முயற்சியே புதிதாகத் தெரியும்.

பரிசு, ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லி வரையவைத்த மழலையர், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைந்த நேரம், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்கச் சிறு பரிசு கொடுத்து, பின்னால் மெல்ல நிறுத்துவதில் தவறில்லை.

படி 6: தோல்வி வரும் நாளுக்கு இன்றே தயாராகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைலா ஹைமோவிட்ஸும் கேரல் டுவெக்கும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் வெளிவந்தது. அறிவு வளருமா வளராதா என்பதில் பெற்றோர் என்ன நம்புகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதோ நன்றாகவே தெரிகிறது. தோல்வி கெடுதல் என்று நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகள், திறமை பிறவியிலேயே முடிவானது என்று நினைக்கும் வாய்ப்பு அதிகம். நம்பிக்கையை மனதில் வைத்திருந்தால் போதாது. மார்க் ஷீட்டை வாங்கும் அந்த நொடியில் நம் முகத்தில் என்ன வருகிறதோ அதுதான் பாடம்.

பிள்ளை விடைத்தாளை நீட்டுகிறது. ஐம்பதுக்குப் பத்தொன்பது. நம் கண் முதலில் எண்ணுக்குப் போகும், அடுத்து வாய் திறக்கும்: "மத்தவங்க எவ்வளவு?" இந்தக் கேள்வியை மட்டும் விழுங்கிவிடுங்கள். தாளை வாங்கி, உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை. அழுதால் அழட்டும், "இதுக்கெல்லாம் அழுவாங்களா" என்று துடைத்துவிட வேண்டாம். வயிறு நிறைந்து, மனம் ஆறியபின் மறுபடி தாளை எடுத்து, தப்பான கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தெரிந்தும் கவனக்குறைவால் விட்டது, பாதி தெரிந்தது, புரியவே இல்லாதது. பிரிப்பது பிள்ளை, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பெரும்பாலும் முதல் இரண்டு வகையிலேயே நிறைய இருக்கும். "எனக்குக் கணக்கே வராது" என்ற பெரிய பாறை, "பின்னங்களைக் கூட்டுவது புரியவில்லை" என்ற கையில் பிடிக்கக்கூடிய கல்லாகிவிடும். அந்தக் கல்லுக்கு ஆசிரியரிடம் உதவி கேட்கலாம்.

உங்கள் சறுக்கல்களையும் பிள்ளை காதுபடப் பேசுங்கள். "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு கணக்குத் தப்பாப் போச்சு. சங்கடமா இருந்துச்சு. போய்ச் சொல்லிட்டு, திரும்பப் போட்டுக் கொடுத்தேன்." பண்டூரா சொன்ன இரண்டாவது வழி இதுதான். தடுமாறி எழுந்தவரைப் பார்ப்பது, தடுமாறாதவரைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

படி 7: கோபப்பட்டுவிட்டால் திரும்பிப் போய்ப் பேசுங்கள்

இவ்வளவு படித்த பிறகும் கத்துவோம். எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த புகழ்பெற்ற சோதனையில், தாய் சில நிமிடங்கள் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பலரும் இந்தப் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியில் மூழ்குகிறார்கள். அவருடைய ஆய்வுகளின் மறுபாதி ஆறுதலானது. இயல்பான தாய்-சேய் உறவிலேயே இருவரும் இசைந்து இருக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரம் விலகுவதும் மறுபடி சேர்வதும். அந்தச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கை கொள்ளக் கற்கிறது.

மன்னிப்புக் கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது: "நான் கத்தினது தப்புதான், ஆனா நீ..." என்று ஆரம்பித்தால் அது மறுபடியும் திட்டுதான். "நான் கத்திட்டேன். உனக்குப் பயமா இருந்திருக்கும். அது உன்னால இல்ல, கோபத்தை நான் வேற மாதிரி காட்டியிருக்கணும்" என்று நிறுத்துங்கள். பிள்ளை செய்த தப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதைத் தனியாக, பிறகு பேசலாம். மன்னிப்புக் கேட்டதற்காக, வேண்டாம் என்று சொன்ன ஒன்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். விதி விதியாகவே இருக்கட்டும். அன்பும் உறுதியான எல்லையும் சேர்ந்த வளர்ப்பு முறையையே டயானா பாம்ரின்ட் 1960-களிலிருந்து செய்த ஆய்வுகள் தன்னம்பிக்கையோடு தொடர்புபடுத்துகின்றன. எல்லை எங்கே என்று தெரிந்த பிள்ளை அதற்குள் தைரியமாக ஓடும்.

படி 8: கூச்சமுள்ள பிள்ளையைத் தள்ளாதீர்கள், மறைக்காதீர்கள்

அலெக்ஸாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், சுமார் 15 சதவீதக் குழந்தைகள் புதிய இடத்துக்கும் மனிதர்களுக்கும் மெதுவாகப் பழகுகிறவர்கள் என்று கண்டார்கள். இது குறை அல்ல, பிறவிச் சுபாவம். மெதுவாகப் பேசும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

"வெட்கப்படாம பேசு" என்று எல்லோர் முன்னும் தள்ளினால் பயம் கூடும். "இவன் கூச்ச சுபாவம்" என்று நாமே பேசிவிட்டால், பேசாமல் தப்பித்த நிம்மதி பழகிவிடும். நடுவே ஒரு பாதை உண்டு. விருந்தினர் வரும் முன் என்ன நடக்கும் என்று சொல்லிவையுங்கள். முதல் நாள் கையசைத்தால் போதும். அடுத்த முறை ஒரு சொல், பிறகு ஒரு முழு வாக்கியம். பிள்ளையிடம் யாராவது கேள்வி கேட்டால் மனதுக்குள் மெதுவாக ஐந்துவரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், பிள்ளைக்குத் தேவையான நேரம் அது. பதில் வராவிட்டால், "அப்புறமா சொல்லுவா" என்று பேச்சை நகர்த்திவிடலாம்.

எப்போது ஆலோசகரிடம் போவது?

வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி தொடங்கி முதல் மாதம் கடந்தபிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே வாயே திறக்கவில்லை என்றால். பள்ளிக்குப் போக மறுப்பது, வயிற்றுவலி, தூக்கமின்மை, சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால். முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் போய்விட்டால், குழந்தை மருத்துவரையோ குழந்தைகள் மனநல நிபுணரையோ பாருங்கள். "நான் இல்லாமலே போயிடலாம்" என்பதுபோல் பிள்ளை சொன்னால் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள், தனியாக விடாதீர்கள். உங்கள் கோபமோ சோர்வோ உங்கள் கையை மீறிப் போவதாகத் தோன்றினால், உங்களுக்காகவும் போகலாம்.

போகும் முன் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "மனசு கஷ்டமா இருக்கும்போது எப்படிச் சமாளிக்கலாம்னு சொல்லிக்கொடுக்கிறவங்களைப் பார்க்கப் போறோம். ஊசி கிடையாது. நானும் கூட வருவேன். உனக்குப் பேசத் தோணலைன்னா முதல் நாள் பேச வேண்டாம்."